உச்சிவேளை ஏன் 12 மணிக்கு வருவதில்லை? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (மன்னார்குடி வாசகி): ஒன்பதாவது படிக்கும் என் மகள் அட்சரேகை 90 டிகிரி வரை, தீர்க்கரேகை 180 டிகிரி வரை என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். ஏன் ஒன்றுக்கு 90, இன்னொன்றுக்கு 180 என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பதில்: மனப்பாடமே வேண்டாம். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதுதான் அட்சரேகைக் கணக்கு. பூமத்திய ரேகையில் 0, துருவத்தில் 90. அதற்கு மேல் வடக்கே போக இடமில்லை, ஓர் அடி எடுத்து வைத்தாலும் மறுபக்கம் தெற்கு நோக்கி இறங்கத்தான் வேண்டும். கிழக்கு மேற்கு அப்படி இல்லை. கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம், அதனால் முழுச் சுற்று 360-ஐ இரண்டாகப் பிரித்து கிழக்கே 180, மேற்கே 180 என்று வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அட்சரேகைகள் ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை, ஒரு டிகிரிக்கும் அடுத்த டிகிரிக்கும் எங்கே அளந்தாலும் சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய்க் கூடுகின்றன. பூமத்திய ரேகையில் 111 கிலோமீட்டராக இருக்கும் இடைவெளி சென்னையில் 108, நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் 56, துருவத்தில் ஒன்றுமே இல்லை.

கேள்வி (கோவை வாசகர்): பூஜ்ஜிய தீர்க்கரேகை லண்டனின் கிரீன்விச்சில் இருக்க என்ன காரணம்? பூமியில் அப்படி ஏதாவது அடையாளம் உண்டா?

பதில்: ஒரு அடையாளமும் கிடையாது. அட்சரேகைக்கு 0 எங்கே என்பதைப் பூமியின் சுழற்சியே முடிவு செய்துவிட்டது, இரண்டு துருவங்களுக்கும் சரி நடுவில். தீர்க்கரேகைக்கு அப்படி ஓர் இயற்கையான தொடக்கம் இல்லாததால் மனிதர்கள் கூடிப் பேசித்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். உலகக் கப்பல்களில் பெரும்பாலானவை அப்போதே கிரீன்விச்சை வைத்து வரைந்த வரைபடங்களைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தன, அதனால் 22 நாடுகள் அதற்கே வாக்களித்தன. பிரான்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டு 1911 வரை பாரிஸ் நேரத்தையே வைத்திருந்தது.

கிரீன்விச் வானாய்வகத்துக்குப் போகிறவர்கள் அந்தக் கோட்டின் மேல் காலை அகட்டி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அங்கே நின்று போனைப் பார்த்தால் பூஜ்ஜியம் காட்டாது. கிழக்கே சுமார் 102 மீட்டர் நடந்து பூங்காவுக்குள் போக வேண்டும். அந்தக் கோட்டைக் குறிக்கப் பயன்படுத்திய பழைய தொலைநோக்கியை அந்த இடத்தின் ஈர்ப்பு விசைத் திசையை வைத்து நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள், அந்தத் திசை அங்கே மிகச் சிறிதளவு சாய்ந்திருக்கிறது. செயற்கைக்கோள்களோ பூமியின் மையத்தை வைத்துக் கணக்கிடுகின்றன.

கேள்வி (திருச்சி வாசகர்): இலங்கை பூமத்திய ரேகையில்தானே இருக்கிறது?

பதில்: இல்லை. இலங்கையின் தென்முனையே ஏறக்குறைய 6 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது, அங்கிருந்து பூமத்திய ரேகைக்குக் கடலில் 650 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நமக்குப் பக்கத்தில் அந்தக் கோடு கடந்து போகும் நாடு மாலத்தீவுதான், அங்கேயும் தீவுகளுக்கு நடுவே கடலில் போகிறது.

கேள்வி (சென்னை வாசகர்): மொட்டைமாடியில் குச்சி நட்டு நிழலைப் பார்த்தேன். 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்றுதானே படித்தோம்? 12-க்கு அப்புறமும் குறைந்துகொண்டே போனது. என் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது.

பதில்: கடிகாரமும் சரி, குச்சியும் சரி. உங்கள் கடிகாரம் காட்டுவது சென்னையின் நேரம் அல்ல, உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, அதாவது ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். சென்னை 80.27 டிகிரியில் இருக்கிறது, இரண்டே கால் டிகிரி மேற்கே தள்ளி. அதனால் சூரியன் நம் உச்சிக்கு வர சராசரியாக 9 நிமிடம் தாமதமாகும். சராசரி என்று சொல்லக் காரணம், பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது, இதனால் உச்சிவேளை ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகரும். பிப்ரவரி நடுவில் சென்னையில் 12.23-க்குத்தான் நிழல் மிகக் குட்டையாகும், நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கே ஆகிவிடும். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் உச்சிவேளையில் உங்கள் குச்சிக்கு நிழலே இருக்காது, அந்த நாட்களில் கட்டாயம் மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

சென்னைக்கென்று சொந்த நேரமும் ஒரு காலத்தில் இருந்தது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகத்தின் தீர்க்கரேகைப்படி கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது அந்த மெட்ராஸ் நேரம். இந்திய ரயில்கள் அந்த நேரத்தில்தான் ஓடின! 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வந்தபோது சென்னைக்கு வித்தியாசம் 8 நிமிடம் 46 விநாடிதான். கல்கத்தாவும் பம்பாயும் அதற்கப்புறமும் பல ஆண்டுகள் தங்கள் சொந்த நேரத்தை விடவில்லை. சூரியனைப் பார்த்து வாழ்ந்த ஊர்களுக்கு வேறோர் ஊரின் உச்சிவேளையை ஏற்றுக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. இன்றைக்கும் அருணாசலப் பிரதேசத்தின் கிழக்குக் கோடிக்கும் குஜராத்தின் மேற்குக் கோடிக்கும் 29 டிகிரி வித்தியாசம், சூரியக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், ஆனால் கடிகாரம் ஒன்றுதான்.

கேள்வி (ஈரோடு வாசகி): வகுப்பில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறதே, உண்மையா?

பதில்: உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் அந்தப் படத்தை வரைந்தது மாலுமிகளுக்காக, ஒரே திசையில் செலுத்தும் கப்பலின் பாதை படத்தில் நேர்கோடாக வர வேண்டும் என்பதற்காக. அதற்குத் துருவத்தை நெருங்க நெருங்க இடத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கப்பலுக்கு நல்ல படம், வகுப்பறைக்கு நல்ல படம் இல்லை. பக்கத்தில் ஓர் உலக உருண்டையையும் வையுங்கள் என்று பள்ளியில் கேளுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): படகில் இருக்கும் ஜிபிஎஸ் 10 டிகிரி 46 நிமிடம் என்கிறது, போன் அதே இடத்துக்கு 10.767 என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி, எழுதும் முறைதான் வேறு. இங்கே நிமிடம் என்பது கடிகார நிமிடம் அல்ல, டிகிரியின் ஒரு பகுதி. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், 46-ஐ 60-ஆல் வகுத்தால் 0.767. இதில் கவனமாக இருங்கள். 10 டிகிரி 46 நிமிடத்தை 10.46 என்று போனில் போட்டுவிட்டால் 34 கிலோமீட்டர் தெற்கே, வேதாரண்யம் பக்கம் காட்டும். கடலில் அந்த 34 கிலோமீட்டர் உயிர் விஷயம். வலை மாட்டியிருக்கும் இடத்தையோ இன்ஜின் நின்றுபோன இடத்தையோ வாக்கிடாக்கியில் சொல்லும்போது "பத்து டிகிரி நாற்பத்தாறு நிமிடம் வடக்கு" என்று முழுதாகச் சொல்லுங்கள், கேட்பவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் அட்சரேகை, அப்புறம் தீர்க்கரேகை. போனில் காட்டும் எண்ணில் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் இருந்தால் 11 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொன்னதாக ஆகும், தேடி வருகிற படகுக்கு அது போதும்.