அந்த 14 சவரன் யாரோடது தம்பி?

கேள்வி: எனக்கு 31 வயசு, சத்துவாச்சாரில வாடகை வீடு, ராணிப்பேட்டை சிப்காட்ல வேலை, ரெண்டு வயசுல பொண்ணு. முதல்முறையா இடம் வாங்கப் போறேன். மேல்விஷாரத்துலேர்ந்து உள்ள தள்ளி 1200 சதுரடி மனை, சதுரடி 800 ரூபா, பஞ்சாயத்து அப்ரூவ்டு, ரெண்டு வருஷத்துல டபுள் ஆகும்னு புரோக்கர் சொல்றாரு, அவர் கார்லயே மூணு தடவ போய் பாத்துட்டேன். இல்லன்னா லோன் போட்டு காட்பாடில பழைய வீடு வாங்கலாமா? அட்வான்ஸுக்கு மனைவியோட 14 சவரன அடகு வைக்கணும். குழந்தைய தூக்கிட்டு வெயில்ல அலைய வேணாம்னு அவங்கள இன்னும் இடத்துக்கு கூட்டிட்டு போகல. எது நல்லது?

பதில்: தம்பி, மனையா வீடாங்கறது அப்புறம். கடைசில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதத் தாண்டி எனக்கு மனசு ஓடல. நகை அவங்களோடது, ஆனா இடத்த அவங்க பாக்கல. கேட்டா வெயில்னு சொல்றீங்க. வேலூர்ல குடும்பம் நடத்துற பொண்ணு, சித்திரையிலயும் மொட்டமாடில துணி காயப்போடுறவங்க, அவங்களுக்கு வெயில் புதுசா? நகைய கழட்டி குடுக்கறப்ப மட்டும் அவங்க வேணும், இடத்த பாக்கறப்ப வேணாமா? இது தப்பு.

எங்கப்பாவும் இப்படித்தான் அம்மா வளையல வித்து பாலாறு ஓரமா ஒரு இடம் வாங்கிட்டு ஆறு மாசம் கழிச்சு தான் அம்மாவ கூட்டிட்டு போனாரு. அம்மா செருப்ப கழட்டிட்டு கட்டவிரலால மண்ண கிளறினாங்க, வெள்ளையா உப்பு பூத்து கிடந்துச்சு. "இதுக்கா என் வளையல வித்தீங்க"ன்னு ஒரே ஒரு வார்த்த, அப்படியே திரும்பி பஸ் ஸ்டாப்ப பாத்து நடந்துட்டாங்க. அப்பா போய் சேர்ற வரைக்கும் அந்த இடத்துல ஒரு செங்கல் வைக்கல.

தோல் பதனிடுற தொழிற்சாலை கழிவால பாலாத்து ஓரம் தண்ணி கெட்ட கதை ராணிப்பேட்டைல வேலை பாக்குற உங்களுக்கு நான் சொல்லணுமா, 1996லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்த விஷயம் அது. புரோக்கர் ரோடு எத்தன அடின்னு சொல்லுவாரு, தண்ணிய பத்தி வாயே திறக்க மாட்டாரு. உங்க வீட்டம்மா போனா முதல்ல பக்கத்து வீட்டு போர் தண்ணிய ஒரு வாய் குடிச்சு பாப்பாங்க, அங்கன்வாடி எங்க, கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு கேப்பாங்க.

பஞ்சாயத்து அப்ரூவ்டுங்கறத நம்பாதீங்க, டிடிசிபி, அதாவது அரசோட நகர் ஊரமைப்பு துறை குடுக்கற அப்ரூவல் நம்பர கேளுங்க. அங்கீகாரம் இல்லாத மனை 2016 அக்டோபர் 20க்கு முன்னாடியே மனையா பதிவாகியிருந்தா தவிர இப்ப பத்திரம் போட முடியாது. வில்லங்கம் 30 வருஷத்துக்கு போட்டு, தாய் பத்திரம் பட்டா எல்லாத்தையும் நீங்களே ஒரு வக்கீல்கிட்ட குடுத்து பாருங்க, புரோக்கர் காட்டுற வக்கீல்கிட்ட வேணாம்.

இன்னொண்ணு, பத்திரம் யார் பேர்லன்னு நீங்க எழுதவே இல்ல. எழுதாதப்பவே தெரியுது உங்க பேர்லன்னு. அவங்க பேர்ல போடுங்க, இல்ல ரெண்டு பேர் பேர்லயும் போடுங்க. உங்க மனை 9,60,000 ரூபா தான வருது, 2025 ஏப்ரல் 1லேர்ந்து 10 லட்சத்துக்குள்ள இருக்கற சொத்த பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைச்சிருக்காங்க. ஆனா அந்த காசுக்காக நான் சொல்லல. அவங்க வீட்டுல போட்ட நகை அவங்களோடது, அதுல வாங்கறதும் அவங்களோடதா இருக்கணும்.

என்ன கேட்டா, பத்திரம் சரியா இருந்தா காட்பாடி வீடு தான். மனை வாங்கினா வீட்டு வாடகையும் கட்டணும், நகைக்கு வட்டியும் கட்டணும், மனை ஒரு ரூபா தராது. வட்டி நின்னா நகை ஏலத்துக்கு போயிடும். முதல்ல குடும்பத்துக்கு ஒரு கூரை, மனையெல்லாம் அடுத்தது.

ஆனா அதையும் நீங்க முடிவு பண்ணாதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை புரோக்கர் இல்லாம ரெண்டு பேரும் பஸ்ல போங்க, மனைக்கும் காட்பாடிக்கும். ரெண்டு காலி பாட்டில் எடுத்துட்டு போய் ரெண்டு இடத்து தண்ணியும் புடிச்சுட்டு வாங்க, ராத்திரி அதுல தனித்தனியா ஒரு பிடி துவரம்பருப்ப வேக வைக்க சொல்லுங்க. எது வெந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, உங்க கையால இல்ல, அவங்க கையால.