ஆட்களோடு கதைக்கத் தெரிந்தால் போதாதா, உளவியலுக்கு ஆய்வு முறைகள் எதற்கு?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை டிப்ளோமா முதல் வருடமாம். சாரா மாறி (நாங்கள் மாற்றிப் பார்ப்பது), சார்ந்த மாறி (அதனால் மாறுவது), மாதிரி எடுத்தல் (யாரிடம் கேட்பது என்று தெரிவது) என்று ஆய்வு முறைகளிலேயே பாதிப் பாடம் போகிறது, ஆட்களோடு கதைக்கத் தெரிந்தால் போதாதா என்று கேட்கிறார்.

போதாது. 1879இல் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக்கில் முதல் உளவியல் ஆய்வுகூடத்தைத் தொடங்கினார் என்று யாரோ குறிப்புச் சொல்லச் சொல்ல எழுதியிருப்பீர்கள், அதுதான் அலுத்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் படிப்பித்தார்கள். இந்தப் பாடத்தின் அருமை எனக்கு விளங்கியது வடமராட்சி கிழக்கில்.

யுத்தம் முடிந்து சனம் திரும்பக் குடியேறிக்கொண்டிருந்த காலம். மனநலக் கணக்கெடுப்புக்கு ஒரு நிறுவனம் எங்களைச் சேர்த்தது. பெயர் வேண்டாம். பெரிய சின்னம் ஒட்டிய வாகனத்தில் போய் இறங்குவோம், உடனே ஒழுங்கையே கூடிவிடும். நித்திரை குழம்புகிறதா, கெட்ட கனவு வருகிறதா என்று வினாக்கொத்து. "ஒருபோதும் இல்லை" முதல் "எப்போதும்" வரை பெட்டிகள். தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மம்மா கத்தியை வைத்துவிட்டு என் காதோடு கேட்டா: "பிள்ளை, நித்திரை வரேல்லை எண்டால் தகரம் தருவினமோ, வருது எண்டால் தருவினமோ?"

கூரைத் தகரத்துக்குக் காத்திருப்பவருக்கு எந்தப் பதிவும் நிவாரணப் பதிவுதான். பக்கத்து வளவில் ஒரு மருமகள், மாமி அருகில் நிற்க, எல்லாவற்றுக்கும் "ஒருபோதும் இல்லை" என்றா. இரண்டு படிவமும் கணினியில் ஏறினால் வெறும் இலக்கங்கள். ஆய்வில் பங்குபற்றுபவர், ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து அதற்கேற்ப நடப்பார் என்பதை உளவியலாளர் மார்ட்டின் ஓர்ன் 1962இலேயே எழுதிவிட்டார். அதற்கும் முதல், ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குச் சொல்கிறது என்று ஜெர்மனியில் பலர் நம்பினார்கள். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை, அது கேட்பவரின் தலையசைவைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்துகிறது என்று ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1907இல் காட்டினார். உளவளத்துணையாளர் முகத்தையும் எதிரில் இருப்பவர் அப்படித்தான் வாசிப்பார்.

வாகனத்தைச் சந்தியில் விடுவோம், தனியக் கதைப்போம், நிவாரணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று முதலே சொல்லுவோம் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். நாளுக்கு இத்தனை படிவம் முடிய வேண்டும் என்றார். பின்னர் வேறொரு வேலையில் அப்படியே செய்தோம். மாமிமாருக்குக் கேளாத தூரத்தில், கிணற்றடியில் இருந்து கேட்டபோது வந்த பதில்கள் வேறு. அதை நான் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்லுவேன்.

வினாக்கொத்தே கூடாது என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். என்னைப் போன்ற டிப்ளோமாக்காரிக்கு என்ன தெரியும் என்பவர்களும் கொஞ்சம் பொறுங்கள். முன்னணி உளவியல் சஞ்சிகைகளில் வந்த ஆய்வுகளில் பங்குபற்றியவர்களில் 96 வீதம் மேற்கத்தைய கைத்தொழில் நாட்டவர், அந்த நாடுகளில் இருப்பதோ உலக சனத்தொகையில் 12 வீதம் என்று 2010இல் ஜோசப் ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எடுத்துக் காட்டினார்கள். எங்கள் ஊரைப் பற்றி எங்கள் ஊரிலேயே ஒழுங்காகக் கேட்டறிய வேண்டியிருக்கிறது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் வடக்கின் கூட்டு மனவடு, அதாவது சமூகமே சேர்ந்து பட்ட மனக்காயம், பற்றி எழுதியது பண்புசார் ஆய்வு, இலக்கங்களை விட ஆட்கள் சொல்வதை வைத்துச் செய்வது. தனி ஆளை மட்டும் அளந்திருந்தால் குடும்பமும் ஊரும் உடைந்தது அதில் வந்திருக்காது.

கட்டுப்பாட்டுக் குழு எதற்கு என்றும் யோசித்துப் பாருங்கள். ஆறு மாத உளவளத்துணைக்குப் பிறகு சனத்துக்கு நித்திரை வருகிறது என்று அறிக்கை எழுதுவார்கள். அந்த ஆறு மாதத்தில் கூரைக்குத் தகரமும் வந்திருக்கும். நித்திரை எதனால் வந்தது? உதவி பெறாத, மற்றப்படி ஒத்த இன்னொரு குழு இல்லாமல் சொல்லவே முடியாது. யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் இன்னும் நல்லது, உதவியைப் பிந்திக் கொடுப்பது நியாயமாக இருக்கும் இடத்தில் மட்டும்.

இதெல்லாம் தெரிந்த ஆட்களை ஒப்பந்தத்தில் வைத்து, திட்டம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த திட்டம் புதுப் பிள்ளைகளோடு முதலிலிருந்து தொடங்கும். நிரந்தர நியமனம் கேட்டால் டிப்ளோமா காணாதாம். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் நீங்களும் இந்தத் துறைக்கு வருவதால் சொல்கிறேன்.

உங்கள் செயற்றிட்டத்துக்கு வினாக்கொத்து செய்தால் முதலில் நாலைந்து பேரிடம் முன்னோடியாகக் கேட்டுப் பாருங்கள். முடிந்ததும், "நான் ஏன் இதைக் கேட்கிறேன் எண்டு நினைச்சீங்கள்?" என்று அவர்களையே கேளுங்கள். வரும் பதிலைப் பார்த்து வினாக்கொத்தைத் திருத்துங்கள்.