மெக்கானிக் ஆக விரும்பும் பிள்ளை ஐடிஇ எனப்படும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்க வேண்டுமா, நேரே பட்டறைக்குப் போகலாமா?

கேள்வி கேட்டவரின் மகன் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் வழக்கநிலைத் தேர்வை எழுதிவிட்டு, கார் மெக்கானிக் ஆகத்தான் போகிறேன் என்று உறுதியாக இருக்கிறான். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் தாய்மாமனோ, "என்னிடம் விடுங்கள், மூன்று வருஷத்தை வகுப்பில் வீணாக்க வேண்டாம்" என்கிறாராம். என்னைக் கேட்டால், பையனைப் படிக்க அனுப்புங்கள், மாமாவின் பட்டறையையும் கைவிடாதீர்கள். முன்பு ஒரு கார் முகவரின் பணிமனையில் இருந்தவன், இப்போது சின் மிங்கில் ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில், இரண்டு பக்கத்தையும் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மாமா சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு போல்ட்டை முறுக்கும்போது மரை போகப் போகிறது என்பதைக் கை முன்கூட்டியே உணர்வதும், கார் ஓடும்போது வரும் சத்தம் சக்கர பேரிங்கிலிருந்து வருகிறதா டயரிலிருந்து வருகிறதா என்று காது பிரித்தறிவதும் பாடநூலில் வருவதில்லை. வகுப்பில் இருக்கும் பயிற்சிக் காரின் பழுது ஆசிரியருக்கு முன்பே தெரியும். பட்டறைக்கு வரும் காரின் பழுதோ யாருக்கும் தெரியாது, மாலை ஐந்து மணிக்குக் கார் வேண்டும் என்று உரிமையாளர் வேறு கைப்பேசியில் அழைத்துக்கொண்டே இருப்பார். அந்த நெருக்கடியில் நிதானமாக யோசிக்கப் பழகுவது தனிக் கல்வி, அதை மாமாதான் கொடுக்க முடியும்.

ஆனால் மாமா தொழில் கற்ற காலத்துக் கார் வேறு, இன்றைய கார் வேறு. அதோடு சிங்கப்பூருக்கென்று ஒரு தனி நிலைமையும் இருக்கிறது. 1990-இல் வாகன எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஒதுக்கீட்டு முறை வந்ததிலிருந்து, இங்கே கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு பெருந்தொகை கட்டி ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் காரைப் பதிவிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஆகவே நம் சாலைகளில் ஓடும் கார்கள் பெரும்பாலும் வயது குறைந்தவை. இருபது வருட வண்டியின் எஞ்சினை இறக்கிப் பிரித்து மாட்டும் வேலை சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்கிற அளவுக்கு இங்கே கிடைப்பதில்லை. சான்றிதழ் முடிய ஓராண்டே இருக்கும் காருக்கு அப்படிச் செலவு செய்ய எந்த உரிமையாளரும் முன்வர மாட்டார். எங்களிடம் வருவது குளிரூட்டி, பேட்டரி, உணர்விகள், கட்டுப்பாட்டுப் பெட்டிகள், கம்பிகளில் வரும் கோளாறுகள்தாம். பிரித்து மாட்டத் தெரிந்தவரைவிட அளந்து கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கே இந்த ஊரில் மதிப்பு அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வாதம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஒரு கார் வருகிறது. முகப்பில் ஏழெட்டு எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிகின்றன, ஸ்டீயரிங் கனக்கிறது, பழுதுக் குறிப்புகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பதிலே சொல்வதில்லை. அனுபவம் மட்டும் உள்ளவர், போன தடவை இதே மாதிரி வந்தபோது ஏபிஎஸ் எனும் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றினோம் என்று அதையே மாற்றச் சொல்வார், வாடிக்கையாளருக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி போகும். அடிப்படை தெரிந்தவர் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை எடுத்து, ஸ்கேனர் மாட்டும் துளைப்பெட்டியில் 6-ஆவது, 14-ஆவது முனைகளுக்கிடையே மின்தடையை அளப்பார். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் எனப்படும் இணைக் கம்பிகள் பெரும்பாலான கார்களில் அங்கே வந்து சேர்கின்றன. கம்பிகளின் இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று உண்டு. இரண்டும் பக்க இணைப்பில் இருக்கும்போது மொத்தத் தடை பாதியாகிவிடும் என்பதால், நலமாக உள்ள காரில் மீட்டர் ஏறத்தாழ 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடியில் உள்ள தடை இணைப்பிலேயே இல்லை, எங்கோ கம்பி அறுந்திருக்கலாம் அல்லது இணைப்பு விட்டிருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு கம்பிகளும் எங்கோ உரசிக்கொண்டிருக்கலாம். சில நிமிடங்களில் பழுது கம்பியிலா பெட்டியிலா என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும், அதற்குப் பிறகு உதிரிப்பாகம் வாங்குவதா வேண்டாமா என்று பேசலாம்.

இதைப் பட்டறையில் கற்க முடியாதா என்றால், 60 வந்தால் சரி என்று மனப்பாடமாகக் கற்கலாம். ஏன் 60 என்று புரிந்தவன்தான், 85 என்று ஒரு புது எண் வரும் நாளில் தடுமாறாமல் இருப்பான். பக்க இணைப்பில் மின்தடை எப்படிக் குறைகிறது என்பதை உட்கார வைத்துச் சொல்லித்தரப் பட்டறையில் யாருக்கு நேரம் இருக்கிறது? நல்ல மனிதராக இருந்தாலும் மாமாவுக்கு வாடகை கட்ட வேண்டும்.

மின்சாரக் கார்களைப் பற்றிச் சொன்னால் இன்னும் அழுத்தம் கூடும். 2024-இல் இங்கே புதிதாகப் பதிவான கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்சாரக் கார். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களும் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் அறிவிப்பு. மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் 400 வோல்ட் அளவிலும் சில வண்டிகளில் 800 வோல்ட் அளவிலும் மின்சாரம் ஓடும். இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகள் வடியும் வரை, தயாரிப்பாளர் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, உரிய கையுறையோடு அளந்து பூஜ்யம் என்று உறுதி செய்த பின்னரே கை வைக்க வேண்டும். இதைத் தொட்டுப் பார்த்துக் கற்க முடியாது. இந்த வேலைக்கென்று பாதுகாப்புச் சான்றிதழ் பயிற்சியும் இப்போது இருக்கிறது.

ஐடிஇ-யில் ஊர்தித் தொழில்நுட்பத்துக்குப் பார்க்க வேண்டிய இடம் சுவா சூ காங்கில் உள்ள மேற்குக் கல்லூரி. 2022-இலிருந்து அங்கே பாடத்திட்டங்கள் படிப்படியாக, உயர் நைட்டெக் எனும் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பாக மாறத் தொடங்கின. முகவர் பணிமனைகளுக்கும் பேருந்துப் பணிமனைகளுக்கும் விண்ணப்பிக்கும்போது இந்தச் சான்றிதழ் பயன்படுவதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். முகவரிடம் சேர்ந்தால் தயாரிப்பாளரின் சொந்தப் பயிற்சி கிடைக்கும், சிறிய பட்டறைகளுக்கு அது எளிதில் எட்டாது. மேற்கொண்டு படிக்க நினைத்தால், வேலையிடத்திலேயே பெரும்பகுதிப் பயிற்சி நடக்கும் வேலை-படிப்புப் பட்டயம் உண்டு. முப்பது வயதுக்குள் பட்டயப் படிப்பில் சேரும், ஐடிஇ முடித்தவர்களுக்கு அரசாங்கம் உயர்கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி போடுகிறது, முடித்தால் மத்திய சேம நிதி எனும் கட்டாயச் சேமிப்பின் சாதாரணக் கணக்கில் இன்னும் 10,000 வெள்ளி. வெறும் காசுக் கணக்கில் பார்த்தாலும் மாமாவின் வாதம் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ஏற்கெனவே இருபத்தைந்தைத் தாண்டி, குடும்பப் பொறுப்போடு பட்டறையில் இருக்கும் ஒருவரை மூன்றாண்டு முழுநேரம் படி என்று சொல்ல மாட்டேன். அவர் அரசாங்கம் பயிற்சிக்கெனத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் உதவித்தொகையை வைத்து மின்சுற்று, மின்சார வாகனம் ஆகிய பகுதிகளை மட்டும் பகுதிநேரமாகக் கற்றுக்கொண்டால் போதும். மாலை நேரத்தில் தொடருக்குத் தொடர் பார்க்கும் நேரம் அதற்குத் தாராளம், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வகுப்புக்குப் போவதையே கடமைக்குச் செய்து, ஒரு தடவைகூட மீட்டரைத் தானாகக் கையில் எடுக்காத மாணவர்களும் உண்டு. அவர்கள் சான்றிதழோடு வந்தாலும் முதல் வாரத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, தேர்வு முடிந்து முடிவு வரும் வரை உள்ள விடுமுறையில் மாமாவின் பட்டறைக்கு அனுப்பிவையுங்கள். டயர் கழற்றட்டும், எண்ணெய் மாற்றட்டும், தரையைக் கூட்டட்டும். சிங்கப்பூரின் மதிய வெப்பத்தில் பானெட்டுக்கு அடியில் குனிந்து நின்ற பிறகும் ஆசை குறையவில்லை என்றால் படிவத்தை நிரப்பலாம். படிக்கும் காலத்திலும் ஒவ்வொரு விடுமுறைக்கும் அங்கேயே போகட்டும். ஒருவேளை நேரே வேலைக்குத்தான் என்று குடும்பத்தில் முடிவானால், உறவுக்காரர் என்பதற்காகக் கையில் காசு கொடுத்து முடித்துக்கொள்ளாமல், வேலை ஒப்பந்தமும் மாதச் சம்பளச் சீட்டும் மத்திய சேம நிதிப் பங்களிப்பும் முறைப்படி வேண்டும் என்று முதல் நாளே மாமாவிடம் பேசிவிடுங்கள்.