லிமாவில் ஒரு ஜப்பானிய விருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவர் அலுவலக வேலையாகப் பெரு நாட்டுத் தலைநகரான லிமாவுக்குச் செல்கிறார். நானும் உடன் போகிறேன். அந்த ஊரில் கட்டாயம் சாப்பிட வேண்டிய இடம் எது என்று கேட்டால், போய்வந்தவர்கள் ஜப்பானிய உணவகங்களின் பெயரையே சொல்கிறார்கள். தென் அமெரிக்கக் கடற்கரை நகரம் ஒன்றுக்கும் ஜப்பானியச் சமையலுக்கும் என்ன தொடர்பு?

பதில்: ஒரு கப்பலில் தொடங்கிய தொடர்பு அது. 1899 பிப்ரவரி இறுதியில் யோகோஹாமாவிலிருந்து புறப்பட்ட 'சகுரா மாரு' என்னும் கப்பல், 790 ஜப்பானியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பசிபிக் பெருங்கடலைக் கடந்து, அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று லிமாவை ஒட்டிய கய்யாவோ துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வந்தவர்கள் அவர்கள். தோட்டங்களில் நிலவிய கடுமையையும் நோயையும் தாங்க முடியாமல் பலர் மாண்டனர்; தப்பியவர்களில் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் முடியாததுமாக லிமாவுக்கும் கய்யாவோவுக்கும் வந்து, முடிதிருத்தும் கடை, பெட்டிக்கடை, சிறு சாப்பாட்டுக் கடை என்று பிழைக்க வழி தேடிக்கொண்டனர்.

அந்தச் சாப்பாட்டுக் கடைகளில் ஜப்பானிய உணவு விற்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் பெரு நாட்டவர். அவர்கள் கேட்டது தங்கள் ஊர் உணவை. ஆகவே உணவு பெருவினுடையதாகவும், அதைச் சமைத்த கை ஜப்பானியருடையதாகவும் இருந்தது. மீனை எப்படி அரிவது, எவ்வளவு நேரம் ஊறவிடுவது, எந்தக் கடல் உயிரை உண்ணலாம் என்ற முடிவுகளை அந்தக் கை தன் பழக்கப்படியே எடுத்தது. ஹம்போல்ட் நீரோட்டம் என்னும் குளிர்ந்த கடல் நீரோட்டம் அக்கரையோரம் ஓடுவதால், பெருவின் கடல் உலகின் மீன் வளம் மிகுந்த பகுதிகளுள் ஒன்றாக இருக்கிறது. தீவு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதைவிட நல்ல கடற்கரை வாய்த்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆக்டோபஸைக் கறுப்பு ஆலிவ் சாந்தில் சேர்த்துப் பரிமாறும் புகழ்பெற்ற உணவு, ரொசித்தா யிமுரா என்னும் ஜப்பானிய வம்சாவளிச் சமையற்கலைஞரின் படைப்பாகவே அங்கு நினைவுகூரப்படுகிறது.

இந்தச் சமூகத்தின் வாழ்வு எப்போதும் சுமுகமாக இருந்துவிடவில்லை. 1940 மே மாதம் லிமாவில் நடந்த கலவரத்தில் ஜப்பானியரின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது ஏறத்தாழ 1,800 பேர் பெருவிலிருந்து அமெரிக்காவின் முகாம்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். வெளிநாடுகளில் வாழும் ஜப்பானிய வம்சாவளியினரைக் குறிக்கும் 'நிக்கேய்' என்ற சொல்லே இன்று அவர்களுடைய சமையலுக்கும் பெயராகிவிட்டது. அந்தப் பெயர் பொறித்த உணவுப் பட்டியலை நீங்கள் கையில் எடுக்கும்போது, அதன் பின்னால் தோட்டக் கூலிகளின் வாழ்வும் சூறையாடப்பட்ட கடைகளும் இருப்பதை எண்ணிப்பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இன்று அந்தச் சமையல் உலகப் புகழ் பெற்றிருக்கிறது. லிமாவிலேயே பிறந்து, ஒசாகாவில் தொழில் பழகித் திரும்பிய மித்சுஹாரு த்சுமுரா, 2009இல் மிராஃப்ளோரெஸ் பகுதியில் 'மைதோ' என்ற உணவகத்தைத் தொடங்கினார். 'மைதோ' என்பது ஒசாகாவின் கடைக்காரர்கள் வாடிக்கையாளரை வரவேற்கச் சொல்லும் சொல். உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் 2025ஆம் ஆண்டு முதலிடம் பெற்றது அந்த உணவகமே.

கேள்வி: செவிச்சே, திராதிதோ, சஷிமி ஆகிய மூன்றும் பச்சை மீன்தானே? இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

பதில்: மீனை வெட்டும் விதத்திலும், புளிப்பு மீனைத் தொடும் நேரத்திலும்தான் வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

செவிச்சே பெருவின் பழைய உணவு. மீனைச் சிறு கட்டிகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், வெங்காயம் ஆகியவற்றோடு கலந்து வைப்பார்கள். சாற்றிலுள்ள அமிலம் மீனின் புரதத்தை இறுகச் செய்வதால், தீயில் வைக்காமலேயே சதை வெளுத்துக் கெட்டிப்படும். முற்காலத்தில் மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். மீனின் இயல்பான சுவையை மதிக்கும் ஜப்பானியப் பழக்கம் கலந்த பிறகே அந்த நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கியது என்று அந்நாட்டுச் சமையற்கலைஞர்கள் பலரும் கூறுகிறார்கள். சஷிமியில் அமிலத்துக்கே வேலை இல்லை. சதையின் இழை ஓடும் திசை அறிந்து, நீண்ட கத்தியை ஒரே இழுப்பாக இழுத்து அரிந்த துண்டு அது. திராதிதோ இவ்விரண்டுக்கும் நடுவில் பிறந்தது. மீனைச் சஷிமியைப் போல மெல்லிய தகடாக அரிந்து தட்டில் பரப்பி, எலுமிச்சையும் மிளகாயும் சேர்ந்த சாற்றைப் பரிமாறும் தருணத்தில் மேலே ஊற்றுவார்கள். பெரும்பாலும் வெங்காயம் சேர்ப்பதில்லை. 'அஹி அமரியோ' என்னும் மஞ்சள் மிளகாயின் மணம் முதலில் நாவில் பட்டு, பின்னர் மீனின் இனிப்பு தனியே தெரிய வேண்டும். அந்த வரிசை மாறி, சாறு மட்டுமே தெரிந்தால் அது நல்ல திராதிதோ அன்று.

கேள்வி: கலப்புச் சமையல் என்ற பெயரில் எதையும் எதோடும் சேர்த்து விலையை ஏற்றிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். தூய ஜப்பானிய உணவுக்கு அது ஈடாகுமா?

பதில்: உங்கள் ஐயத்தின் முதற்பாதியை ஏற்கிறேன், இரண்டாம் பாதியை ஏற்க இயலவில்லை. 'தூய ஜப்பானிய உணவு' என்று நாம் எண்ணுவதிலேயே கலப்பு ஆழமாக இருக்கிறது. மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புரா, 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியரின் வழியே ஜப்பானுக்குள் நுழைந்தது. ராமென் என்னும் நூடுல்ஸ் சூப் சீனர்களிடமிருந்து வந்தது. இன்று நாம் சுஷி என்றதும் நினைக்கும் நிகிரியே, அதாவது வினிகர் கலந்த சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டை வைத்துத் தருவதே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'எடோ' என்னும் நகரத்தில், அதாவது இன்றைய தோக்கியோவில், தெருக்கடைகளில் விரைவாகச் சாப்பிடும் உணவாகப் பரவியதுதான்.

ஆகவே கலப்பா, தூய்மையா என்று கேட்பதைவிட, அந்தக் கலப்புக்கு ஒரு தேவை இருந்ததா என்று கேட்பதே சரியான அளவுகோல். நொபு மத்சுஹிசாவின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. தோக்கியோவில் சுஷி பயின்ற அவர், 1973இல் லிமாவுக்கு வந்து கூட்டாளி ஒருவருடன் உணவகம் நடத்தினார். தமக்குப் பழக்கமான பொருள்கள் பல அங்கே கிடைக்காதபோது, கையருகில் இருந்த எலுமிச்சையையும் மிளகாயையும் கொத்தமல்லியையும் கொண்டு தம் சமையலை மாற்றிக்கொண்டார். பின்னர் 1987இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பெவர்லி ஹில்ஸிலும், 1994இல் நியூயார்க்கிலும் அவர் தொடங்கிய உணவகங்கள் அந்தச் சுவையையே உலகெங்கும் கொண்டுசென்றன. பொருள் கிடைக்காத நெருக்கடியில் பிறந்த கலப்பு அது. அதற்கு மாறாக, ஒவ்வொரு துண்டின் மேலும் இனிப்பு மயோனெய்ஸையும் தங்கத் தாளையும் இட்டு நிரப்பும் கலப்புக்கு எந்தத் தேவையும் இல்லை. மீனின் குறையை மறைப்பதற்காகச் செய்கிறார்களோ என்ற ஐயமே அங்கு எழுகிறது.

கேள்வி: பச்சை மீன் என்றாலே அச்சமாக இருக்கிறது. எலுமிச்சையில் ஊறிவிட்டால் கிருமிகள் இறந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அதை நம்பிவிடாதீர்கள். எலுமிச்சை அமிலம் சதையின் தோற்றத்தையும் தன்மையையும் மாற்றுகிறதே தவிர, கடல் மீன்களில் காணப்படும் அனிசாகிஸ் போன்ற ஒட்டுண்ணிப் புழுக்களை அது உறுதியாகக் கொல்வதில்லை. நன்கு சமைப்பதும் ஆழ்ந்து உறையவைப்பதுமே நம்பகமான வழிகள். பச்சையாக உண்ணும் மீனை -20 டிகிரி செல்சியஸில் ஏழு நாள்கள் உறையவைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கூறும் முறைகளுள் ஒன்று. உறையவைத்த மீன் தரம் குறைந்தது என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். முறையாக உறையவைத்து முறையாக உருக்கிய மீன், கவனமின்றிக் கையாண்ட புதுமீனைவிடச் சிறந்தது. உறையவைத்ததா என்று உணவகத்தில் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் பச்சை மீனைத் தவிர்ப்பதே நல்லது.

அச்சம் தீராதவர்களுக்காகவே பிறந்த உணவும் உண்டு. வாடிக்கையாளர் ஒருவர் பச்சை மீனை உண்ண மறுத்தபோது, மேலே குறிப்பிட்ட நொபு அந்தத் தட்டைத் திரும்ப எடுத்துச் சென்று, துண்டுகளின் மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தார். மேற்பரப்பு மட்டும் லேசாக வெந்த அந்த உணவு இன்று பல உயர்தர உணவகங்களில் கிடைக்கிறது. ஆனால் அது தயக்கத்தைத்தான் நீக்கும். துண்டின் உட்புறம் பச்சையாகவே இருப்பதால், புழுவிலிருந்து காப்பதாக எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: ஒமகாசே என்ற பெயரில் பட்டியலே தராமல் பெருந்தொகை வாங்குகிறார்கள். இரண்டு வாய்ச் சோற்றுக்கும் ஒரு துண்டு மீனுக்கும் அது நியாயமா?

பதில்: 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்பதே ஒமகாசே என்ற சொல்லின் பொருள். அன்று கரைக்கு வந்த மீன்களில் எது சிறந்தது என்பதைப் பட்டியல் அறியாது, சமையற்கலைஞரே அறிவார் என்ற நம்பிக்கையில் அமைந்த முறை அது. நீங்கள் கொடுக்கும் தொகையில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத வேலைக்குப் போகிறது. நல்ல மீனை 'இக்கெஜிமே' என்ற முறையில் கொல்வார்கள்: மூளையில் கூரிய கம்பியைச் செலுத்தி, இரத்தத்தை வடித்து, தண்டுவடத்தின் வழியே மெல்லிய கம்பியை விட்டு நரம்புகளின் துடிப்பை நிறுத்துவார்கள். மீன் துள்ளித் துடித்துச் சாகும்போது சதையின் ஆற்றல் வீணாகிச் சுவை கெடுவதை அது தடுக்கிறது. பிறகு, மீனின் வகைக்கேற்ப ஒரு நாளோ பல நாள்களோ குளிரில் வைத்துப் பக்குவப்படுத்துவார்கள். 'அப்போதே பிடித்த மீன்தான் சிறந்தது' என்று கடற்கரை ஊர்க்காரர்கள் நினைப்பது எல்லா மீனுக்கும் பொருந்தாது. பல மீன்களில் 'உமாமி' எனப்படும் சாரமான சுவை, இறந்த பின்னரே மெல்ல மெல்லக் கூடுகிறது.

நான் ஓர் உணவகத்தை மதிப்பிடுவது மீனைக்கொண்டு அன்று, சோற்றைக்கொண்டே. உடல் சூட்டளவுக்கு இதமாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் உதிரக் கூடாது. வாயில் இட்டதும் ஒவ்வொரு பருக்கையாகப் பிரிய வேண்டும். சோறு சில்லிட்டு, களிபோல் ஒட்டிக்கிடக்குமானால், அதன் மேலே எந்த விலைமிக்க மீனை வைத்தாலும் உங்கள் பணம் வீண்தான்.

கேள்வி: நான் சைவ உணவு உண்பவள். உடன் செல்பவர்களுக்காகப் போனால் எனக்கு என்ன கிடைக்கும்?

பதில்: காய்கறி என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜப்பானியச் சமையலின் அடித்தளமான 'தாஷி' என்னும் சாறு, பெரும்பாலும் கொம்பு என்ற கடற்பாசியோடு உலர்த்திய சூரைமீன் சீவலைச் சேர்த்துக் காய்ச்சப்படுவது. மிசோ சூப்பிலும் காய்கறிக் கூட்டிலும் அது கலந்திருக்கும். ஆனால் வழி இல்லாமல் இல்லை. பௌத்த மடங்களில் வளர்ந்த 'ஷோஜின் ரியோரி' என்ற சைவச் சமையலில் கொம்பும் உலர்ந்த ஷியிதாக்கே காளானும் கொண்டே சாறு காய்ச்சுகிறார்கள். 1908இல் கிகுனாயே இகேதா என்ற வேதியியலாளர் உமாமிச் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டைக் கண்டறிந்ததும் அந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான் என்பதால், சைவச் சாற்றில் சுவை குன்றும் என்று வருந்த வேண்டியதில்லை. முன்பதிவு செய்யும்போதே 'மீன் சாறும் வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மேசையில் அமர்ந்த பிறகு சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது.

கேள்வி: சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிட்டால் தவறாக நினைப்பார்களா?

பதில்: நினைக்க மாட்டார்கள், நிகிரியைக் கையால் உண்பது ஜப்பானிலேயே உள்ள மரபு. சோயா சாஸில் தொடுவதானால் சோற்றைத் தொடாமல் மீனின் பக்கத்தைத் தொடுங்கள். சமையற்கலைஞர் முன்பே சாஸ் பூசித் தந்திருந்தால் அதுவும் வேண்டாம். உணவுக்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் ஈமச்சடங்கை நினைவூட்டும் செயல்கள். அவற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: லிமாவில் எங்களுக்கு இரண்டே நாள்கள். நேராகப் பெரிய உணவகத்துக்கே போய்விடலாமா?

பதில்: முதல் நாள் நண்பகலில் எளிய செவிச்சே கடை ஒன்றுக்குப் போங்கள். செவிச்சே அங்கு மதிய உணவு; காலையில் வந்த மீன் மதியத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்ற வழக்கத்தால் பல கடைகள் மாலையில் திறப்பதே இல்லை. எலுமிச்சையும் மிளகாயும் மீன்சாறும் கலந்து தட்டின் அடியில் தேங்கும் வெண்ணிறச் சாற்றை, அங்கே 'புலிப்பால்' என்று அழைப்பதை, ஒரு கரண்டி தனியே குடித்துப் பாருங்கள். மறுநாள் மாலை நிக்கேய் உணவகத்தில் அதே சாறு சோயாவோடும் இஞ்சியோடும் சேர்ந்து வரும்போது, எதை மாற்றியிருக்கிறார்கள், எதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்பது உங்கள் நாவுக்கே தெரிந்துவிடும்.