பொங்கலுக்கு மின்சாரக் காரில் சென்னையிலிருந்து திருநெல்வேலி போகலாமா? எங்கெங்கே சார்ஜ் போடுவது, எவ்வளவு செலவாகும்?

தாராளமாகப் போகலாம். குரோம்பேட்டையில் வீடு, 40.5 யூனிட் பேட்டரி உள்ள டாடா நெக்ஸான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 74 வயது அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான். என் மாமனார் வீடு சேரன்மகாதேவிப் பக்கம் என்பதால் உங்கள் வழிதான் எனக்கும். கூட வருகிற பெரியவர் அப்பாவுக்குப் பதில் என் அம்மா. அதனால் எனக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில், "முழு சார்ஜுக்கு 465 கி.மீ. ஓடும் என்று கம்பெனி சொல்கிறதே, நடுவில் ஒருமுறை போட்டால் போதாதா?" என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அது சோதனைக்கூடத்தில் அளந்த கணக்கு. ஐந்து பேர், பெட்டி படுக்கை, ஏசி, நாற்கர சாலையில் 90 வேகம் என்றால் என் வண்டி 100 கி.மீ.க்கு 14 யூனிட் எடுக்கிறது. முழு பேட்டரிக்கு 290 கி.மீ. கூட வராது. அந்த 290-ஐயும் முழுசாகப் பயன்படுத்த முடியாது. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் முதல் நெடும்பயணம் ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள். ஒரு ஹோட்டல் வாசலில் சார்ஜர் இருப்பதாகச் செயலி காட்டியது. பச்சை நிறத்தில், "காலியாக உள்ளது" என்று. அதை நம்பி 100, 110 என்று விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் 11 சதவீதம். காவலாளி ஓடி வந்தார். "சார், அது ஓடி நாலு நாளாச்சு சார்" என்றார். அடுத்த சார்ஜர் 28 கி.மீ. தள்ளி. ஏசியை அணைத்துவிட்டு, ஜன்னலையும் பாதிதான் இறக்கி, இடது ஓரமாக 50 வேகத்தில் ஓட்டினேன். லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. பின் சீட்டில் அம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையால் சின்னவளுக்கு விசிறிக்கொண்டே வந்தார். போய்ச் சேர்ந்தபோது 4 சதவீதம். அங்கேயும் வரிசை, எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டி. அன்று அம்மா பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த சார்ஜர் வரை வண்டி போகுமா என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். இந்த சார்ஜர் செத்துக் கிடந்தால் அடுத்ததற்குப் போகுமா என்றுதான் பார்க்கிறேன். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 25 சதவீதத்துக்குக் குறையாமல் போய்ச் சேர வேண்டும். 25 சதவீதம் என்றால் பத்து யூனிட். நிதானமாக ஓட்டினால் 60, 70 கி.மீ. நம் தடத்தில் அந்தத் தூரத்துக்குள் இன்னொரு சார்ஜர் கட்டாயம் வந்துவிடும். இந்த ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் அப்பாவை வைத்துக்கொண்டு பயமில்லாமல் போகலாம்.

இப்போது வழி. முதல் நாள் இரவே வீட்டில் 100 வரை போட்டுவிட்டுக் காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி சுங்கச்சாவடிகளைத் தாண்டி உளுந்தூர்பேட்டைப் பக்கம் போய்ச் சேர 180 கி.மீ. அப்போது பேட்டரியில் 37, 38 சதவீதம் இருக்கும். திண்டிவனம் தாண்டியதிலிருந்தே சாலையோர ஹோட்டல்களில் சார்ஜர்கள் வரத் தொடங்கும். காலைச் சாப்பாடு அங்கே. இட்லி, பொங்கல், காபி, அப்பாவுக்குக் கழிப்பறை, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஓட்டம் என்று அரை மணி எப்படியும் ஆகும். அதற்குள் 80 சதவீதத்துக்கு ஏறிவிடும்.

80-க்கு மேல் அங்கே காத்திருக்காதீர்கள். பேட்டரி நிறைய நிறைய மின்சாரம் உள்ளே போகும் வேகத்தை வண்டியே குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு ஆகிற நேரத்தில் அதற்கு முன் 40 சதவீதம் ஏறியிருக்கும். பின்னால் ஒருவர் காத்திருந்தால் 80-லேயே கழற்றிக் கொடுப்பதுதான் மரியாதை.

அடுத்தது திருச்சி, 130 கி.மீ. 35 சதவீதத்தில் போய்ச் சேர்வீர்கள். மதியச் சாப்பாடும் சார்ஜும் அங்கே, 40 நிமிடம், 85 வரை போடுங்கள். அப்புறம் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக மதுரை. இது 135 கி.மீ. மதுரையில் ஊருக்குள் நுழைய வேண்டாம். சுற்றுச்சாலையிலோ திருமங்கலம் போகும் வழியிலோ நிறுத்திக்கொள்ளுங்கள். டீ குடிக்கிற நேரம்தான், ஆனால் 80 ஏறும் வரை இருந்துவிட்டே கிளம்புங்கள். கடைசிப் பகுதி நெல்லை வரை 160 கி.மீ., 25 சதவீதத்தோடு ஊர் போய்ச் சேரலாம். மொத்தம் மூன்று நிறுத்தம், சார்ஜுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். குடும்பத்தோடு பெட்ரோல் காரில் போனாலும் இந்த நேரம் சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் போகத்தான் செய்யும்.

இந்தக் கணக்கு 90 வேகத்துக்கு. வேகம் கூடினால் காற்று தடுக்கும் விசை அதைவிட அதிகமாகக் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்கு. 105-ல் ஓட்டினால் என் வண்டி 14-க்குப் பதில் 17 யூனிட் தின்கிறது. உளுந்தூர்பேட்டையிலிருந்து திருச்சி வரை 105-ல் விரட்டினால் 12 நிமிடம் மிச்சமாகும். ஆனால் கூடுதலாகச் செலவான நாலு யூனிட்டை ஏற்ற ஏழெட்டு நிமிடம் போய்விடும். வெறும் நாலைந்து நிமிடத்துக்காக வயதானவரை வைத்துக்கொண்டு விரட்ட வேண்டியதில்லை.

தை மாதத்தில் காற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஆனி, ஆடியில் போனால் கடைசிப் பகுதிக்குத் தனிக் கணக்கு போடுங்கள். கயத்தாறில் அவ்வளவு காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மலை இடைவெளி வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று கோவில்பட்டி தாண்டியதும் வண்டியைப் பக்கவாட்டிலும் எதிரிலும் பிடித்துத் தள்ளும். ஒரு ஆடியில் அந்த 50, 60 கி.மீ.க்கு என் வண்டி 17 யூனிட் கணக்கில் எடுத்தது, 85 வேகத்திலேயே. அந்த மாதங்களில் மதுரையில் 90 வரை போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். அந்தப் பத்து நிமிடத்தை நான் வீண் என்று நினைப்பதில்லை.

செலவைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து கொண்டு போவது 30 யூனிட். ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து மீட்டரில் 34 ஓடும். மின்கட்டணத்தில் மேல் படியில் இருக்கும் வீடு என்றால் யூனிட் ஒன்பது ரூபாய் என்று வையுங்கள், சுமார் 300 ரூபாய். வழியில் மூன்று நிறுத்தத்திலும் சேர்த்து 60 யூனிட். வேக சார்ஜர்களில் யூனிட்டுக்கு 18-லிருந்து 25 ரூபாய் வரை வாங்குகிறார்கள். செயலியில் காட்டும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேராவிட்டால் 20 என்று போட்டிருப்பது 18 சதவீத வரியோடு 23 ரூபாய் 60 காசு ஆகிவிடும். சராசரி 22 என்றால் 1,320 ரூபாய். ஆக ஒரு வழிக்கு ஏறக்குறைய 1,620. இதே தூரம் லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் காரில் 38 லிட்டர், லிட்டர் 101 ரூபாய் என்றால் 3,800-க்கு மேல். சுங்கக் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நகரத்துக்குள் வீட்டு மின்சாரத்திலேயே ஓட்டுகிறவர்கள் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள்தான் ஆகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலையில் அது இரண்டே முக்கால் ரூபாய்க்குப் பக்கம் வரும். இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

சார்ஜரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. "60 கிலோவாட், இரண்டு கன்" (கன் என்றால் வண்டியில் சொருகும் முனை) என்று போட்டிருக்கும் பல சார்ஜர்கள், இரண்டாவது வண்டி வந்து சொருகியதும் ஆளுக்கு 30 என்று பிரித்துக் கொடுக்கும். நீங்கள் அரை மணி என்று நினைத்தது 45, 50 நிமிடம் ஆகிவிடும். 120 கிலோவாட் சார்ஜர் இருக்கும் இடமாகப் பாருங்கள். நம் வண்டியால் அவ்வளவும் வாங்க முடியாது, ஆனால் பக்கத்தில் யார் வந்தாலும் நம் பங்கு குறையாது. பழைய 15 கிலோவாட் சார்ஜர்களைத் திட்டத்தில் சேர்க்கவே வேண்டாம்.

செயலியில் தெரியும் பச்சை நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பிளக்‌ஷேர் என்ற, சார்ஜர் இடங்களைக் காட்டும் செயலியில் அந்த இடத்தில் கடைசியாக யார், எந்தத் தேதியில் சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள். அதற்கும் மேல், கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்த ஹோட்டலுக்கே போன் போட்டு, "கார் சார்ஜ் போடற மெஷின் இன்னிக்கு ஓடுதாங்க?" என்று கேளுங்கள். கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாவிட்டாலும் வாசலில் இருக்கும் காவலாளிக்குத் தெரியும். கூடவே, அந்தப் பகுதியில் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். ஹோட்டலில் ஜெனரேட்டர் இருந்தாலும் பெரும்பாலும் விளக்கும் ஏசியும்தான் அதில் ஓடும், சார்ஜர் ஓடாது. மூன்று நான்கு நிறுவனங்களின் செயலிகளை வீட்டிலேயே இறக்கி, பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் ஐந்நூறு ரூபாய் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்றுகொண்டு, சிக்னலும் இல்லாமல், ஓடிபிக்காகக் காத்திருப்பது பெரிய வேதனை.

பொங்கல் என்பதால் நாளும் முக்கியம். போகிக்கு முந்தைய நாள் மாலையிலும் போகி அன்று காலையிலும் பாதிச் சென்னை அந்தச் சாலையில்தான் இருக்கும். சார்ஜரில் உங்களுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி இருந்தாலும் அரை மணி போய்விடும். முடிந்தால் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்புங்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையால் அது முடியாது என்றால், முதல் நிறுத்தத்தை உளுந்தூர்பேட்டையில் வைக்காமல் திண்டிவனம் தாண்டியதுமே ஒருமுறை, பிறகு பெரம்பலூர் பக்கம் ஒருமுறை என்று மாற்றிப் பாருங்கள். எல்லோரும் சாப்பிட நிறுத்தும் இடத்திலும் நேரத்திலும் போய் நிற்காமல் இருந்தாலே வரிசை பாதி குறையும்.

கடைசியாக, ஊர் வீட்டில் சார்ஜ் போடுவது. இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. வண்டியோடு கொடுக்கும் சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் காலையில் பால் வரும்போது ஏறக்குறைய நிறைந்திருக்கும். ஆனால் எர்த் சரியாக இல்லாத வீட்டில் அது சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு ஏறவே ஏறாது. மாமனார் வீட்டில் அதுதான் நடந்தது. நாற்பது வருடத்து வயரிங், எர்த் கம்பி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த முறை போவதற்குள் எலெக்ட்ரீஷியனை வைத்துக் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்துத் திண்ணை ஓரமாக ஒரு பிளக் வைத்தோம். நாலாயிரத்துக்குள் முடிந்தது. வீட்டின் மற்ற இணைப்புகளுக்கும் இப்போது பாதுகாப்பு, மாமியாருக்கு கிரைண்டரில் ஷாக் அடிப்பது நின்றது. உங்கள் ஊர் வீட்டுக்கும் இப்போதே சொல்லி ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இன்னும் நாள் இருக்கிறது.

மின்கட்டணத்தையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். இரண்டு முறை சார்ஜ் போட்டால் 70 யூனிட்டுக்குப் பக்கம் ஆகும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படியில் கிடைக்கும் சலுகையும் போய், பில் சட்டென்று ஏறிவிடும். பெரியவர்கள் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். நான் கிளம்பும்போது மீட்டரைப் பார்த்துவிட்டு, பணத்தை மாமியார் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன்.