மூன்று எச்சரிக்கைகள், மூன்று வேலைகள்

அன்புள்ள ஐயா,

கடலோரக் கிராமம் ஒன்றில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பேரிடர் குறித்த ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். வாட்ச், அலர்ட், வார்னிங் மூன்றுக்கும் ‘எச்சரிக்கை’ என்றே எழுதியிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “மூணும் ஒண்ணுன்னா எதுக்கு மிஸ் மூணு வார்த்தை?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. பட்டியலில் இப்போது அறுபது சொற்கள் இருக்கின்றன. இன்னும் எவற்றைச் சேர்க்கலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எதையும் சேர்க்க வேண்டாம். அறுபதை இருபதாகக் குறையுங்கள். சொல்லுக்கு எதிரே பொருளை எழுதாமல், அதைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. அதற்கான பதில் அகராதியில் இல்லை, வானிலை அறிக்கையில் இருக்கிறது.

இந்திய வானிலை ஆய்வு மையம் புயலுக்கு நான்கு கட்டமாக அறிக்கை விடுகிறது. 72 மணி நேரத்துக்கு முன் ‘பிரீ-சைக்ளோன் வாட்ச்’. கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு ‘அலர்ட்’, 24 மணி நேரம் முன்பு ‘வார்னிங்’. புயல் கரையைக் கடப்பதற்கு 12 மணி நேரம் முன்பு ‘போஸ்ட் லேண்ட்ஃபால் அவுட்லுக்’. கடைசியின் பெயரைப் பார்த்து, கடந்த பிறகு வரும் அறிக்கை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கடந்தபின் உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்பதைக் கடக்கும் முன்பே சொல்வது அது.

மழைக்கான நிறங்களிலும் இதே ஏணிதான். மஞ்சள் வாட்ச்: செய்தியைக் கவனித்துக்கொண்டே இரு. ஆரஞ்சு அலர்ட்: தயாராகு. சிவப்பு வார்னிங்: இறங்கிச் செய். நாம் எல்லாவற்றையும் ‘ரெட் அலர்ட்’, ‘ஆரஞ்சு அலர்ட்’ என்றே சொல்லிப் பழகியதால் ஏணியின் படிகள் காதில் விழாமல் போய்விட்டன. அமெரிக்காவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை. ‘டொர்னாடோ வாட்ச்’ என்றால் சுழற்காற்று உருவாகக்கூடிய சூழல் இருக்கிறது. ‘டொர்னாடோ வார்னிங்’ என்றால் கண்ணிலோ ரேடாரிலோ தென்பட்டுவிட்டது, உடனே பதுங்கு.

‘லேண்ட்ஃபாலை’ மாணவர்கள் ‘லேண்ட்ஸ்லைடோடு’ குழப்புவார்கள். முன்னது புயலின் மையம் கரையைக் கடப்பது, பின்னது நிலச்சரிவு. கடக்கும்போது ‘ஐ’ எனப்படும் கண் பகுதி ஊருக்கு மேல் வந்தால் காற்று சட்டென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று கூரையைப் பார்க்க வெளியே வருபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். ‘ஐ’ என்ற மூன்று எழுத்து ஆங்கிலச் சொல்லைவிட இதை அவர்கள் மறக்கக் கூடாது.

‘கேஷுவல்ட்டி’யைப் ‘பலி’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். காயம்பட்டவர்களும் அதில் அடக்கம். இறந்தவர் எண்ணிக்கைக்கு ‘டெத் டோல்’ என்ற தனிச் சொல் இருக்கிறது. ‘ட்ரவுண்ட்’ என்றாலோ செத்தே போய்விட்டான். “ஹீ ட்ரவுண்ட், பட் தே சேவ்டு ஹிம்” என்று எழுதும் பிள்ளைக்கு ‘வாஸ் ட்ரவுனிங்’ சொல்லிக் கொடுங்கள். டேங்கர் லாரியின் பின்னால் இருக்கும் ‘இன்ஃப்ளேமபிள்’ இதைவிட ஆபத்தானது. ‘இன்’ என்ற முன்னொட்டைப் பார்த்துத் தீப்பிடிக்காதது என்று எண்ணத் தோன்றும். இந்தக் குழப்பத்தால்தான் 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதும்படி வலியுறுத்தியது. இரண்டுக்கும் ஒரே பொருள்: பற்றி எரியும்.

சொல் மாறினால் உயிர் போகும் என்பதற்கு வகுப்பில் ஒன்றைச் சொல்லுங்கள். 1990 ஜனவரி 25 இரவு, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் வழியில் மொத்தம் 1 மணி 17 நிமிடம் வானில் சுற்ற வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி ‘பிரையாரிட்டி’ வேண்டும் என்று கேட்டார். அது முன்னுரிமைதான், அவசரநிலை அல்ல. முதல் முறை தரையிறங்க முடியாமல் மேலேறியபோது, நாம் அவசரநிலையில் இருக்கிறோம் என்று சொல்லும்படி விமானி ஸ்பானிய மொழியில் அவரிடம் கூறினார். கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் போனதோ “வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ஃப்யூயல்”. ‘எமர்ஜென்சி’, உயிராபத்தில் விமானிகள் உதவி கேட்கும் சொல்லான ‘மேடே’ இரண்டும் வரவில்லை. வரிசையில் நிற்கும் எல்லா விமானத்துக்கும் எரிபொருள் குறைந்துகொண்டுதான் இருக்கும், கேட்டவர் அப்படியே எடுத்துக்கொண்டார். எஞ்சின்கள் நின்று, லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இன்று ‘மினிமம் ஃப்யூயல்’ என்பது தகவல் மட்டுமே. ‘மேடே’யை மூன்று முறை சொல்லி ‘ஃப்யூயல்’ என்று சேர்த்தால்தான் அவசரநிலை.

ஆகவே, உதவி கேட்கும் வாக்கியங்களுக்கு ஒரு பாடவேளை முழுக்க ஒதுக்குங்கள். 112க்கோ 108க்கோ தமிழிலேயே பேசலாம். வெளியூர், வெளிநாடு போகும் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும். பிரிட்டனில் 999 அழைத்தால் தீயணைப்பா, போலீஸா, ஆம்புலன்ஸா என்றுதான் முதல் கேள்வி வரும். பதில் ஒரே சொல்லில் போதும். அடுத்தது இடம். நடந்ததை விவரித்துவிட்டு முகவரியைக் கடைசியில் சொல்வது நம் வழக்கம். நடுவில் இணைப்பு அறுந்தால் வண்டி எங்கே போகும்? இடம், என்ன நடந்தது, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா, இந்த வரிசையில் நான்கு சிறு வாக்கியங்கள் போதும். ‘ப்ளீஸ் கம் ஃபாஸ்ட்’ என்பதில் எந்தத் தகவலும் இல்லை.

இருவர் இருவராக முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் தெரிந்தால் கையை ஆட்டி விளக்கிவிடுவார்கள்.