காவல் நிலையத்தில் துணையிருக்கப் போகிறவருக்கு

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயிலில் தேவாரம் பாடி வருகிறேன். பக்கத்துக் காவல் நிலையத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கான அறையில் தன்னார்வத் துணையாக வரச் சொல்கிறார்கள். இரவில் அழைத்தால் போய் என்ன பேசுவது? போலீஸ்காரர்களுக்கும் ஆறுதல் சொல்லலாமா?

பதில்: அவசியம் போங்கள். ஆனால் பேச வேண்டியதைவிடப் பேசக்கூடாதது அங்கே அதிகம்.

போனதும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "நான் போலீஸ் இல்லை, உங்களுக்குத் துணையாக வந்திருக்கிறேன்" என்பது போதும். பாதிக்கப்பட்டவருக்கும் கதவுக்கும் நடுவே உட்காராதீர்கள். நினைத்தால் எழுந்து போகலாம் என்பது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். "என்ன நடந்தது?" என்று கேட்கவே கேட்காதீர்கள். உங்கள் கேள்வியின் சாயல் வாக்குமூலத்தில் ஏறிவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அவராகச் சொன்னால் கேளுங்கள், கிளறாதீர்கள்.

"இது நம் இருவருக்குள் இருக்கட்டும்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. சமயப் பெரியவரிடம் சொன்னதை நீதிமன்றத்தில் மறைக்கும் சலுகை தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இல்லை. 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே இதைத் தீர்த்துவிட்டது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் உடனே போலீஸில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம்.

பாலியல் வன்முறை என்றால் நம் வீட்டுப் பழக்கமே எதிரியாகிவிடும். அம்மாமார் முதலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றப் பார்ப்பார்கள், உடையை ஊறப்போடுவார்கள். மருத்துவர் தடய மாதிரிகளை எடுக்கும்வரை குளியல் வேண்டாம். வாய் கொப்பளிப்பதும் டீ குடிப்பதும்கூட அதிகாரியைக் கேட்ட பிறகுதான். கழற்றிய உடை காகிதப் பையில் போக வேண்டும்; பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான துதுசேலா உதவி மையத்துக்கு, அது இல்லாத இடத்தில் அரசு மருத்துவமனைக்கு, போக வண்டி ஏற்பாடு ஆகிவிட்டதா என்று பார்ப்பது, நீங்கள் சொல்லும் எந்த ஆறுதலையும்விடப் பெரிது.

கொலை, விபத்து என்றால் உடல் அரசுப் பிணவறைக்குப் போகும். பிரேதப் பரிசோதனைக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. இன்றே தகனம் செய்ய வேண்டும் என்று துடிப்பார்கள். "நாளைக்குக் கிடைத்துவிடும்" என்று நீங்களாக நாள் சொல்லாதீர்கள். உடல் எப்போது வரும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு கிளேர் எஸ்டேட் மயானத்தில் நேரம் வாங்கச் சொல்லுங்கள். வழக்கு எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் குடும்பத்தில் ஒருவர் கையில் கொடுங்கள். அந்த இரவில் காதில் விழுந்தது எதுவும் மறுநாள் அவர்கள் நினைவில் நிற்காது.

விதி, முன்வினை என்ற பேச்சே வேண்டாம். அடிபட்டவர் காதில் அது "உன் தப்பு" என்றுதான் விழும். அவர்கள் கேட்டால் மட்டும் பாடுங்கள். வருகிறவர் முஸ்லிமாகவும் இருப்பார், ஜூலு கிறிஸ்தவராகவும் இருப்பார்.

போலீஸ்காரர்களுக்கென்று காவல் துறையிலேயே சம்பளச் சாப்ளின்களும் (சமய ஆலோசகர்கள்) உளவியலாளர்களும் இருக்கிறார்கள். தேவைப்படும் போலீஸ்காரரை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. சக ஊழியர்கள் முன்னால் நலம் விசாரித்தால் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். வண்டி நிறுத்துமிடத்தில் தனியாக, "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று கேளுங்கள். பேச்சில் சாவு தட்டுப்பட்டால், "தற்கொலை எண்ணம் இருக்கிறதா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அங்கிருந்தே நிலைய அதிகாரிக்குப் போன் போடுங்கள். துப்பாக்கி அவர் இடுப்பிலேயே இருக்கிறது.